கை விழுந்தது எதனால்? பாம்பு நஞ்சும் பக்கவாதமும்

இன்றைய பேச்சு எல்லோருக்கும் உரியதென்றாலும், தாதியர் பயிற்சியில் மேல்வகுப்புகளில் இருக்கும் மாணவ மாணவியரை மனத்தில் வைத்துத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நரம்பு நோய் வரும்போது உடலுக்குள்ளே நடப்பது என்ன என்பது பொருள். பாடப்புத்தகத்தில் இந்த அத்தியாயத்தைத் திறந்தவுடனே பலருக்குத் தூக்கம் வந்துவிடும். எனக்கும் வந்ததுண்டு. ஆகவே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கெடா மாநிலத்தில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் போய் நிற்போம்.

ஒரே வாரத்தில் மூன்று பேர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் சுங்கை பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அம்மாள், அறுபது வயது. விடியற்காலையில் பாதி நிரை முடித்திருந்தபோது கத்தி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாமவர் குவாலா கெடா மீனவர். வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது விரலில் ஏதோ முள் குத்தியதுபோல் இருந்தது; ஒரு மணி நேரத்துக்குள் கழுத்தும் தொடையும் விறைத்து, அசைத்தால் உயிர் போகும் வலி. மூன்றாமவர் பெண்டாங் பக்கத்து நெல்வயல் வீட்டில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த இளைஞர். விடியலில் கண் இமையைத் தூக்க முடியவில்லை. சற்று நேரத்தில் விழுங்க முடியவில்லை. பிறகு கை கால் சோர்ந்துவிட்டது.

மூன்று வீட்டாரும் சொல்வது ஒரே வார்த்தை: "கை கால் விளங்கலே, மிஸி." வார்த்தை ஒன்றுதான்; நோய் இருக்கும் இடம் மூன்று. அந்த இடத்தைக் கண்டுகொள்வதுதான் நரம்பு நோய்க் கல்வியில் பாதி.

பழைய தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு 'இஞ்சின் வீடு' நினைவிருக்கும். சாயங்காலம் இஞ்சினை ஓட்டினால் லயத்து வீடுகளில் விளக்கு எரியும். இரவு ஒரு நேரத்துக்குமேல் நிறுத்திவிடுவார்கள். ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லையென்றால் கோளாறு எங்கே? இஞ்சினிலா, கம்பியிலா, விளக்கு மாட்டும் பிடியிலா, விளக்கிலேயா? நம் உடம்பிலும் அப்படித்தான். கட்டளை மூளையில் பிறக்கிறது. முதுகுத்தண்டின் வழியே இறங்குகிறது. நரம்பில் ஓடித் தசையின் வாசலை அடைகிறது. நரம்பு தசையைத் தொடுவதில்லை. இடையில் ஒரு நுண்ணிய இடைவெளி. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் சிந்தி, அப்பால் தசையின்மேல் இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. பூட்டில் சாவி நுழைவதுபோல் என்க. சாவி நுழைந்தால் தசை சுருங்கும். சுருங்கியவுடன் அந்தச் சாவியை உடைத்துப் போட கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. இல்லாவிட்டால் கதவு திறந்தபடியே இருக்கும்.

இப்போது பெண்டாங் இளைஞரைப் பாருங்கள். இரவில் தூங்கும்போது வலியே தெரியாமல் கடித்துவிட்டுப் போகும் பாம்பு கட்டுவிரியன். இங்கே ஒரு வார்த்தை. தமிழில் 'விரியன்' என்ற சொல் கண்ணாடிவிரியனுக்கும் இருக்கிறது, கட்டுவிரியனுக்கும் இருக்கிறது. பெயரை நம்பி இரண்டையும் ஒரே சாதியென்று எண்ணிவிடாதீர்கள். கண்ணாடிவிரியன் ரத்தத்தைக் கெடுப்பது; அது நம் தீபகற்பத்தில் இல்லவும் இல்லை. கட்டுவிரியன் நாகத்துக்கு உறவு. நரம்பு நுனியைக் கெடுப்பது. அதன் நஞ்சில் உள்ள ஒரு பகுதி நரம்பின் நுனிக்குள் புகுந்து சாவிகளை வைத்திருக்கும் கிடங்கையே அழித்துவிடுகிறது. நாகத்தின் நஞ்சு வேறு விதம். அது தசையின் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு பூட்டை அடைத்துவிடும். நஞ்சுமுறி மருந்து கொடுத்தால் நாகக் கடியில் பூட்டு ஓரளவு சீக்கிரம் திறக்கும். கட்டுவிரியன் கடியிலோ அழிந்த நுனி புதிதாக முளைக்க வேண்டும். அதற்கு நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். அதுவரை மூச்சுக்கருவிதான் அவருக்கு உயிர்.

கட்டுவிரியன் இனத்து நஞ்சிலிருந்து தைவான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சாங், லீ இருவரும் 1963இல் புங்காரோடாக்ஸின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஏற்பிகளை விடாமல் பற்றிக்கொள்ளும் இந்த நஞ்சை ஓர் அடையாளக் குறியாக வைத்து, தசையில் எத்தனை பூட்டுகள் இருக்கின்றன என்று எண்ண முடிந்தது. மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச்சோர்வு நோயில் பூட்டுகளே குறைந்துபோகின்றன என்பது 1973இல் இப்படித்தான் தெரியவந்தது. அந்த நோயாளியும் முதலில் இமை தொங்கித்தான் வருவார். பூட்டு அடைபட்டாலும், பூட்டே காணாமல் போனாலும், வெளியில் தெரிவது ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறானது பூச்சிமருந்து விஷம். வயலிலும் தோட்டத்திலும் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள், சாவியை உடைக்கும் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகின்றன. அசிட்டைல்கோலின் குவிகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாயில் எச்சில் வழியும், வியர்வை கொட்டும், தசை துடிக்கும், பிறகு சோர்ந்து விழும். இமை தொங்கியவரையும், கண்மணி சுருங்கியவரையும் வேறுபடுத்த ஒரு கைவிளக்குப் போதும்.

இமை தொங்கிய இளைஞரின் கட்டிலருகில் நிற்கும் தாதி ஒன்றை மறக்கக்கூடாது. அவர் மயங்கிக் கிடக்கவில்லை. அவருக்கு மூளை தெளிவாக இருக்கிறது, காது கேட்கிறது. விரலும் அசையாமல், கண்ணும் திறவாமல், எல்லாவற்றையும் கேட்டபடி கிடக்கிறார். கட்டிலின் இருபுறமும் நின்றுகொண்டு "இவர் தேறமாட்டார்போல் இருக்கிறதே" என்று பேசிக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். குணமாகி எழுந்தவர் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னபோது எங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இமையை விரலால் தூக்கி, "நான்தான், இன்ன பெயர், இப்போது சளி எடுக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

குவாலா கெடா மீனவருக்கு வந்தது கடற்பாம்புக் கடி. இதை நரம்பு நஞ்சு என்றே உலகம் வெகுகாலம் எண்ணியிருந்தது. அப்படியில்லை, மனிதரிடத்தில் அது முக்கியமாகத் தசையையே சிதைக்கிறது என்று காட்டியவர் நம் பக்கத்து ஊர் மருத்துவர். 1950களில் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய அலிஸ்டர் ரீட். வடமேற்கு மலாயாவின் மீன்பிடிக் கிராமங்களுக்கே போய் விசாரித்து எழுதியவர் அவர். தசை சிதையும்போது அதிலுள்ள மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் வருகிறது. சில மணி நேரத்தில் சிறுநீர் கறுப்புக் காப்பிபோல் ஆகிவிடும். சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் வெளியேறி இருதயத்தை நிறுத்திவிடலாம். ஆகவே அந்த மீனவருக்குச் சிறுநீர்ப் பாத்திரத்தை வைக்கும் தாதி, அதிலுள்ளதைக் கொட்டுமுன் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். விளக்கிலேதான் கோளாறு என்பதை அந்தப் பாத்திரம் சொல்லிவிடும்.

ரீட் என்ற பெயரைச் சொன்னதும் கெடாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தே ஆகவேண்டும். நம் பேச்சின் நடுப்பகுதி இதுதான். சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன்.

கெடா, பெர்லிஸ் பக்கத்துத் தோட்டங்களில் சருகோடு சருகாகக் கிடக்கும் ஒரு பாம்பு உண்டு. மலாய்க்காரர்கள் 'ஊலார் கபாக் போடோ' என்பார்கள். ஊலார் பாம்பு, கபாக் கோடரி, போடோ மடையன். மடையன் என்ற பெயர் வந்தது, ஆள் வந்தாலும் ஓடாமல் கிடந்த இடத்திலேயே கிடப்பதால். பழுப்பு நிறமும் முதுகில் கருமுக்கோணங்களும் காய்ந்த ரப்பர் இலையோடு ஒன்றிப்போகும். அரை இருட்டில் தலைவிளக்கோடு மரம் விட்டு மரம் நடக்கும் தொழிலாளி மிதித்துவிடுவார். மலாயா விரியன் என்பது இதுதான்.

இந்தக் கடிபட்டவர்களை நூற்றுக்கணக்கில் கவனித்த ரீட் ஒரு விந்தையைக் கண்டார். அவர்களில் பலருக்கு ரத்தம் உறையவேயில்லை. குழாயில் எடுத்து வைத்தால் தண்ணீராகவே நின்றது. மருந்து கொடுக்காதவர்களுக்கு நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில். ரத்தம் உறையாத ஆள் உடம்பெங்கும் ஒழுகிச் சாகவேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? ஆனால் பலர் நன்றாகவே எழுந்து நடமாடினார்கள். உறையாத ரத்தத்தோடு ஆள் பிழைத்திருக்க முடியுமானால், உறையக்கூடாத இடத்தில் ரத்தம் உறைந்து தவிப்பவர்களுக்கு இந்த நஞ்சையே மருந்தாக்கலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1963இல் லான்செட் இதழில் அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் இந்த உறைவுக்குறையைப் பற்றி எழுதினார்கள்.

நஞ்சு செய்வது என்ன? ரத்தத்தில் பைப்ரினோஜென் என்ற புரதம் கரைந்திருக்கிறது. காயம் பட்டால் த்ராம்பின் என்ற நொதி அதை வெட்டி பைப்ரின் நூலாக்கும். நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து வலையாகும். வலையில் ரத்த அணுக்கள் சிக்கி உறைகட்டியாகும். மலாயா விரியனின் நஞ்சிலும் த்ராம்பின்போல் வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. ஆனால் அது அரைகுறையாகவே வெட்டுகிறது. நூல் வருகிறது, குறுக்குப் பிணைப்பு வருவதில்லை. பாவு இருக்கிறது, ஊடு இல்லை. அந்தத் துணி எத்தனை நேரம் நிற்கும்? உடம்பு உடனே அதைக் கரைத்துக் கழுவிவிடுகிறது. இப்படி வெட்டுவதும் கரைப்பதுமாகவே கையிருப்பில் இருந்த பைப்ரினோஜென் தீர்ந்துபோகிறது. உறைவதற்குச் சரக்கே இல்லை.

ஆனாலும் நஞ்சில் ரத்தக்குழாயின் சுவரைச் சிதைக்கும் வேறு பொருள்களும் உண்டு; தட்டணுக்களும் குறையும். அவை வலுத்துவிட்டால் ஈறிலிருந்து ரத்தம், கறுப்பு மலம், அரிதாக மூளைக்குள்ளேயே கசிவு. அப்போது பாம்புக் கடி, பக்கவாதமாகவே வந்து நிற்கும். உறையாத ரத்தமும் உடைந்த குழாயும் ஒன்றுசேரும்போதுதான் ஆபத்து என்பதை மனத்தில் இருத்துங்கள். சற்று நேரத்தில் இது மறுபடி வரும்.

எந்தச் சின்ன ஊரிலும் தாதி தன் கையால் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. கடிபட்டவரின் சிரையிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் நிற்கவையுங்கள். பிறகு ஒரேயொரு முறை சாய்த்துப் பாருங்கள். ஓடினால் உறையவில்லை. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்கவேண்டும். ரத்தத்தை உறையத் தூண்டுவது கண்ணாடியின் மேற்பரப்பு. பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயும் உதவாது. அந்தப் பரப்பு கெட்டு, நல்ல ரத்தமும் உறையாததுபோல் காட்டிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆவலாகத் தூக்கி ஆட்டிப் பார்ப்பவர்களும் சோதனையைக் கெடுத்துவிடுகிறார்கள். ரத்தம் உறையாதவருக்குத் தசையில் ஊசி போடக்கூடாது. நஞ்சுமுறி மருந்து தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலையத்தில் தயாராவது. மருந்து ஏறியபின் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதே குழாய்ச் சோதனையைத் திரும்பச் செய்துதான் அடுத்த அளவு தேவையா என்று முடிவு செய்கிறார்கள்.

இனி நம் அம்மாளிடம் வருவோம். பால்மரத்தடியில் விழுந்தவர். வலது கையும் காலும் துணிபோல் கிடக்கின்றன, வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, பேச்சு வரவில்லை. இங்கே கோளாறு இஞ்சின் வீட்டில்.

மூளை, உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் இழுக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அது சேமித்து வைப்பதில்லை, அன்றாடங்காய்ச்சி. நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐம்பது மில்லி ரத்தம் வந்துகொண்டே இருக்கவேண்டும். ஒரு குழாய் அடைபட்டு, அந்த ஐம்பது இருபதுக்குக் கீழே இறங்கினால் நரம்பணு வேலையை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. பத்துக்குக் கீழே போனால் செத்துவிடும். இந்தப் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் இருக்கும் பகுதிக்குத்தான் புறநிழல் என்று பெயர். கிரகணத்தின்போது முழுநிழலைச் சுற்றி ஒரு மங்கல் நிழல் விழுமே, அதுபோல. நடுவில் இறந்த பகுதி. சுற்றிலும் பேச்சுமூச்சற்று, ஆனால் உயிரோடு, காத்துக்கொண்டிருக்கும் பகுதி. 1981இல் அஸ்ட்ரப், சீஸ்யோ, சைமன் என்ற மூவர் இந்தக் கருத்தைத் தெளிவாக எழுதினார்கள். அன்றிலிருந்து பக்கவாதத்தைப் பற்றிய பார்வையே மாறிவிட்டது. கை விழுந்துவிட்டது என்பதற்காக அந்தக் கையை ஆளும் மூளை செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ரத்தம் நின்ற அணுவுக்குள் நடப்பது இது. எரிபொருள் இல்லாததால், சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் பம்பு நின்றுவிடுகிறது. சோடியம் உள்ளே தங்க, கூடவே தண்ணீரும் புகுந்து அணு வீங்குகிறது. குளூட்டமேட் என்ற செய்திப்பொருள் கட்டுப்பாடில்லாமல் சிந்துகிறது. அது பக்கத்து அணுக்களின் கதவைத் தட்ட, கால்சியம் உள்ளே பாய்ந்து, உறங்கிக்கொண்டிருந்த செரிக்கும் நொதிகளை எழுப்பிவிடுகிறது. அணு தன்னைத்தானே தின்னத் தொடங்குகிறது. லயத்தில் ஒரு வீட்டில் பற்றிய தீ பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தாவுவதுபோல், இறந்த பகுதி புறநிழலை நோக்கிப் பரவுகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஒரு கணக்குப் போட்டார்கள். தோட்டத்திலிருந்து வண்டி கிடைக்க அரை மணி, எந்த ஆஸ்பத்திரி என்று வாதாட இன்னோர் அரை மணி. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரத்தக் கொதிப்பை அளக்கிறீர்கள். 200க்கு 110. கை பதறும், மாத்திரை கொடுத்து உடனே இறக்கிவிடத் தோன்றும். முன்பெல்லாம் நைபிடிப்பின் மாத்திரையைக் கடிக்கச் சொல்வதும், நாக்கடியில் வைப்பதும் வழக்கமாகவே இருந்தது. அது தவறு என்பதை இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஏன் தவறு? புறநிழலில் உள்ள குழாய்கள் தாமாகச் சுருங்கி விரியும் சக்தியை இழந்துவிட்டன. அங்கே ரத்தம் போவது வெறும் அழுத்தத்தின் தள்ளுதலால். மேட்டு வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் ஏறவேண்டுமென்றால் மடையில் நீர்மட்டம் உயர்ந்திருக்க வேண்டுமல்லவா? மட்டத்தைச் சட்டென்று இறக்கினால் முதலில் காய்வது மேட்டு வயல்தான். ஆகவே அடைப்பினால் வந்த பக்கவாதத்தில், கரைப்பு மருந்து கொடுக்காதவர்களுக்கு, 220க்கு 120ஐத் தாண்டாதவரை பொதுவாக இறக்குவதில்லை. கரைப்பு மருந்து கொடுப்பதானால் 185க்கு 110க்குள் இருக்கவேண்டும். குழாய் வெடித்து வந்த பக்கவாதமானால் கதையே வேறு. அங்கே கவனமாக இறக்கவேண்டும். அடைப்பா, வெடிப்பா என்பதைக் கையால் தொட்டோ கண்ணால் பார்த்தோ சொல்ல முடியாது, சி.டி. படம்தான் சொல்லும். படத்துக்கு முன் ஆஸ்பிரினும் கொடுக்கக்கூடாது.

அடைத்த உறைகட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. மருந்து மூன்று மணி நேரத்துக்குள் பயன் தருமென்று 1995இலும், நாலரை மணி வரை தருமென்று 2008இலும் ஆராய்ச்சிகள் காட்டின. பெரிய குழாயாக இருந்தால், உள்ளே கம்பி செலுத்தி உறைகட்டியை இழுத்தெடுக்கும் முறை 2015இல் உறுதிப்பட்டது.

இவற்றுக்கு நடுவில் நம் கெடாப் பாம்பும் வந்து போயிற்று. 1967இல் பிரித்தெடுக்கப்பட்ட மலாயா விரியன் நொதி, அன்க்ராட் என்ற பெயரில் மருந்தாகியிருந்தது. பைப்ரினோஜெனைக் குறைத்தால் ரத்தம் நீர்த்து, இடுக்கான வழியிலும் ஓடி, புறநிழலைக் காப்பாற்றுமே என்பது எண்ணம். 2000இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில் 500 நோயாளிகள். மூன்று மணிக்குள் கொடுத்தார்கள். நன்றாகத் தேறியவர்கள் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர், பெறாதோரில் 34 பேர். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மூளைக்குள் ரத்தக் கசிவும் கூடியிருந்தது. ஆறு மணி வரை நீட்டி 1222 பேரிடம் நடத்திய ஐரோப்பிய ஆராய்ச்சி 2006இல் வெளியானபோது பயன் ஒன்றுமில்லை, கசிவுதான் மிச்சம். மூன்றாவது முயற்சியும் பயன் தெரியாமல் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. 2009இல் அதை எழுதினார்கள். பக்கவாதத்துக்கு அன்க்ராட் அதோடு முடிந்தது.

சற்றுமுன் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பிழைத்தவர்களுக்கு ரத்தம் மட்டும்தான் உறையாமல் இருந்தது, மூளையின் ரத்தக்குழாய் பழுதில்லாமல் இருந்தது. பக்கவாத நோயாளிக்கோ, ரத்தமின்றித் தவித்த மணி நேரங்களில் குழாயின் சுவரும் நைந்துவிடுகிறது. நைந்த குழாயில் உறையாத ரத்தத்தை விட்டால் கசியாமல் என்ன செய்யும்? டி.பி.ஏ.க்குக் கால வரம்பு வைத்திருப்பதற்கும் இதுவே ஒரு காரணம். அம்மாள் கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று வீட்டாரைத் துருவித் துருவிக் கேட்கச் சொல்வது இதனால்தான். விழுந்ததைப் பார்த்த நேரம் வேறு, நன்றாக இருந்த நேரம் வேறு. "நாலரை மணிப் பெரட்டிலே நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு சங்கதி. முதலாவது சர்க்கரை. நம் நாட்டில் 2019இல் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் 31.4 பேருக்கு. மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் மரம் வெட்டப் போனவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் கை விழும், பேச்சு குழறும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இதைப் பார்க்காமல் சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவது வெட்கக்கேடு.

இரண்டாவது பேச்சு. பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடப்பாதியில் இருக்கிறது. பேச்சு இழந்தாரா என்று சோதிக்க, "கண்ணை மூடுங்கள், கையைத் தூக்குங்கள்" என்று சொல்லிப் பார்ப்போம். எந்த மொழியில்? வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் தமிழ் மட்டுமே பேசிய அம்மாளிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டுவிட்டு, 'புரிந்துகொள்ளவில்லை' என்று அட்டையில் எழுதியதை நான் கண்டிருக்கிறேன். அட்டையில் ஏறிய தவறு அடுத்தடுத்த வேலைமுறையிலும் பிரதியெடுக்கப்பட்டுக்கொண்டே போகும். நீங்கள் தமிழ் தெரிந்த தாதியானால், உங்கள் வார்டில்லையென்றாலும் ஒரு நிமிடம் எட்டிப்பார்த்து, "அம்மா, கண்ணை மூடுங்க" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக விழுங்குதல். வெகுநாளைக்கு முன், நான் பயிற்சி முடித்த புதிதில், ஒரு மருத்துவமனையில் என் பொறுப்பில் ஒரு மூதாட்டி இருந்தார். பக்கவாதம் லேசானதுதான், மூன்றாம் நாள் கை சற்று அசைந்தது. மகள் வந்து, "மூணு நாளா ஒண்ணும் சாப்பிடலியே, மிஸி, கொஞ்சம் கஞ்சி கொடுக்கட்டா?" என்று கேட்டாள். கேட்ட முகத்தைப் பார்த்து, சரியென்று தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். கிழவிக்கு இருமல்கூட வரவில்லை. இரவு காய்ச்சல், மறுநாள் வலப்பக்க நுரையீரல் முழுவதும் சளி, ஐந்தாம் நாள் போய்விட்டார். மகள் என்மேல் குறை சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியாது.

இருமல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தொண்டையின் உணர்ச்சி மங்கியவருக்குக் கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கினாலும் புரையேறாது; சத்தமில்லாமலே இறங்கும். ஆகவே பக்கவாதம் என்று வந்த யாருக்கும் சோதிக்கும்வரை வாயில் ஒன்றும் கிடையாது. மாத்திரையும் இல்லை, தீர்த்தமும் இல்லை. விழித்திருக்கிறாரா என்று பார்த்து, நேராக உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீர். விழுங்கினாரா, இருமினாரா, பிறகு 'ஆ' என்று சொல்லச் சொன்னால் குரல் ஈரமாகக் கொழகொழவென்று வருகிறதா? சந்தேகம் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

இது சின்ன வேலையாகத் தோன்றலாம். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளில் சாண்டி மிடில்டன் என்ற தாதியர் பேராசிரியை தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடந்து, 2011இல் லான்செட் இதழில் வந்தது. புது மருந்து ஒன்றுமில்லை. காய்ச்சலைப் பார், சர்க்கரையைப் பார், விழுங்குவதைப் பார் என்ற மூன்றையும் தாதியர் முதல் மூன்று நாளும் ஒழுங்காகச் செய்தார்கள். காய்ச்சல் ஏன்? சூடு ஏற ஏற, பட்டினி கிடக்கும் புறநிழல் அணுவுக்கு எரிபொருள் தேவை கூடுகிறது. சர்க்கரை ஏன்? பிராணவாயு இல்லாத இடத்தில் மிகுந்த சர்க்கரை புளித்து அமிலமாகிறது. தொண்ணூறு நாள் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர்களும் சேர்த்து, வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு 58 பேர். இந்த மூன்றும் நடந்த இடங்களில் 42 பேர்.

தோட்டங்கள் இன்று முன்போல் இல்லை. பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மவர் பலர் சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். நிரையில் நிற்பவர் வங்காளதேசத்துப் பிள்ளையாகவோ நேப்பாளப் பிள்ளையாகவோ இருக்கலாம். ஊலார் கபாக் போடோ மட்டும் அதே சருகில் கிடக்கிறது. அடுத்த முறை வார்டில் இரவு வேலைக்குப் போகும்போது, அலமாரியில் புதிய கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு தேக்கரண்டியும் இருக்கட்டும்.